மிச்சமிருந்த ஆறு மாத்திரை

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளுக்கு, நெரிசலை விட ஒன்றுக்கு அடக்குவதுதான் பெரும்பாடு. ஆறு மணிக்கு ஏறினால் ஒன்பதரைக்குத்தான் இறக்கம். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். போன வாரம் எரிச்சல் உயிரை எடுத்தது. டாக்டரம்மா ஐந்து நாளைக்குப் பத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, "சரியாயிட்டாலும் நடுவுல நிறுத்தாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நாலு மாத்திரையிலேயே எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சளி ஆளையே அமுக்குது. ஏதாச்சும் மாத்திரை இருக்கா?"

"இந்தா, இதப் போடு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

மிச்சம் ஆறையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று நாள் கழித்து, காலையில், வேன் மேம்பாலம் ஏறும்போது குளிர் தூக்கிப் போட்டது. பல் தந்தியடித்தது. வலது விலாவுக்குக் கீழே முதுகில் யாரோ குத்துவது போல வலி. ஸ்டியரிங்கைப் பிடித்த கை தன் கையாகவே இல்லை. பின்னால் இருபத்திரண்டு பிள்ளைகள். அதற்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் லாரி. ஓரம் கட்ட இடமில்லை. கடவுளே, பாலம் இறங்கும் வரை மட்டும். ஊர்ந்து ஊர்ந்து இறங்கி, நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகுதான் மூச்சே வந்தது.

"ஏம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று ஓடிவந்தாள் வேன் ஆயா.

"சாவிய வாங்கிக்கோங்க ஆயா. இனிமே ஒரு அடி நகத்த மாட்டேன். ஸ்கூலுக்குப் போன் போடுங்க."

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா முதுகைத் தட்டிப் பார்த்தார். அவள் துள்ளினாள்.

"கிருமி கிட்னிக்கு ஏறிடுச்சு. மாத்திரை பத்தும் போட்டீங்களா?"

"போட்டேன் டாக்டர்."

டாக்டரம்மாவின் முகம் இறுகியது. "பத்து போட்டும் கேக்கலைன்னா, அந்த மருந்துக்கு அடங்காத கிருமியா இருக்கும். அதுக்கு வேற மருந்துதான் தேடணும்."

"இல்ல டாக்டர், நாலுதான். மிச்சத்தத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். சளிக்கு."

"சளிக்கு இது ஒன்னும் செய்யாதேம்மா! அவங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாச்சும் இருக்கா?"

அதைக் கேட்கவே தோன்றவில்லையே. தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்த குரல் தங்கையுடையது போலவே இல்லை.

"அக்கா... இன்னைக்குக் காலையிலதான் மொத மாத்திரையப் போட்டேன்... உதடெல்லாம் வீங்கிப்போச்சு... தொண்டைய அடைக்குது..."

டாக்டரம்மா போனைப் பிடுங்கினார். "கதவத் திறந்து வச்சிட்டு அப்படியே உக்காருங்க. ஆம்புலன்ஸ் அனுப்புறேன்."

கையில் ஊசி வழியாக மருந்து ஏறியபடி படுத்திருந்தவளுக்குக் காய்ச்சல் நினைவே இல்லை. நானேதானே என் கையால் கொடுத்தேன்? வாசலில் ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. நாலாவது ஸ்ட்ரெச்சரில் தங்கை வந்தாள். ஆம்புலன்சிலேயே தொடையில் ஊசி போட்டிருந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை, ஆனால் மூச்சு இருந்தது. அக்காவைப் பார்த்து விரலை மட்டும் அசைத்தாள்.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு மூன்றாம் நாள் வந்தது: ஏற்றுகிற மருந்துக்குக் கிருமி அடங்கும். அன்று சாயங்காலமே காய்ச்சல் விட்டது. தங்கையின் வீக்கம் அதற்கு முன்பே வடிந்திருந்தது. சளியும் எந்த மருந்தும் இல்லாமல் தானாகப் போயிருந்தது. ஒத்துக்காத மருந்தின் பெயரை எழுதிய சீட்டு இப்போது தங்கையின் பர்சில் இருக்கிறது.

அக்கா வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வாரம் மாத்திரை போட வேண்டியிருந்தது. உடம்பு தேறிக் கல்லு மாதிரி இருந்தது. இருந்தும் நடுவில் நிறுத்தவில்லை. கடைசி மாத்திரை வரை விழுங்கினாள்.