வடிகட்டியில் தங்காதவை

நோயாளிகள் யாரும் ஆய்வுக்கூடம் வரை ஏறி வருவதில்லை. வெண்டெல் வந்துவிட்டார், கையில் ஒரு பை சிங்கி இறாலோடு. அங்கே ஆராய்ச்சி செய்கிற கொரின் கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் கடலில் சிங்கி பிடிக்கிறவர் அவர். பெருங்குடலில் புற்றுநோய். மருந்து தொடங்கும் முன்பு, அறுவையின்போது எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். மருந்தும் நன்றாகத்தான் கேட்டது. சீசன் தொடங்கிய வாரம் படகை விட மனமில்லாமல் ஊசிக்கு வராமல் இருந்துவிட்டார். முதல் வாரத்தை விட்டால் அந்த வருஷமே போச்சு, அவர் மட்டும் என்ன செய்வார்! அதற்கப்புறம் நோய் ஈரலில் தலைகாட்டியது. பழைய மருந்தை இப்போது சட்டையே செய்யவில்லை. மனைவி மார்லீன் அன்றிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஈரல் கட்டியில் கொரின் ஒரு குட்டி ஆர்என்ஏவைக் கண்டுபிடித்திருந்தாள். புரதம் எதையும் உண்டாக்காத ஜாதி. ஆனால் புற்றணுக்களை மருந்திலிருந்து காப்பாற்றுவது அதுதான் என்று அவளுக்குச் சந்தேகம். முதல் கட்டியிலேயே அது மண்டிக் கிடந்திருந்தால், ஊசி தவறியதால் வந்த வினை என்று சொல்ல முடியாது. முதலிலேயே இருந்ததா என்று கேட்கத்தான் வெண்டெல் வந்திருந்தார்.

பார்ப்பதற்கு முதல் கட்டி வேண்டுமே; ஆராய்ச்சிக்கு வந்த துண்டைத் தவிர அதில் எதுவும் மிச்சமில்லை. அது கைக்கு வந்த அன்று கொரின் அவசரத்தில் துண்டு முழுவதையும் அரைத்து, வழக்கமான வடிகட்டிக் குழாயில் ஊற்றியிருந்தாள். அதில் நீளமான ஆர்என்ஏதான் தங்கும். குட்டிகள் நீரோடு கீழே இறங்கிவிடும். குப்பைதானே என்று அந்த நீரைக் கழிவில் கொட்டினாள். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதைச் சொல்லித் தப்பிக்க அவளுக்கு வாய் வரவில்லை. கொட்டியதை மட்டும் சொன்னாள்.

வெண்டெல் லேசாகச் சிரித்தார். "நாங்களும் அளந்து பாத்து சின்னத எல்லாம் கடல்லயே போட்டுடுவோம். எங்களுது வளந்து திரும்பி வரும்மா."

"மன்னிச்சிடுங்க, வெண்டெல்."

"அத விடு. மார்லீன் கீழ வண்டில உக்காந்திருக்கா. என் தப்பு இல்லன்னு நீ ஒரு வார்த்த சொன்னா நம்புவா."

சொல்லிவிடலாம் என்று கொரினுக்கு நாக்கு நுனி வரை வந்தது. "எனக்குத் தெரியலையே. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாது."

வெண்டெல் பையை மேசையில் வைத்தார்.

"அப்ப என் தப்புன்னே இருக்கட்டும். கோவப்பட அவளுக்கு ஒரு ஆளாவது வேணும்ல."

லிஃப்டை நோக்கி நடந்தார். கூடவே இறங்கிப்போய், அவர் தப்பா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்பதையாவது கொரின் மார்லீனிடம் சொல்லியிருக்கலாம். கால் எழவில்லை.