மாற்று மிதி

எங்கள் வனச் சரகத்தில் அரசாங்கம் வைக்கும் மரங்கள், சாயங்காலம் வேலை முடிந்ததும் தங்களை மிதித்தவர் வீட்டுக்குப் போய்விடும். காலையில் அவரோடு மலையேறி, அதனதன் குழியில் நின்றுகொள்ளும்.

நட்டவர் வீட்டுக்கு என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். கன்றைக் குழியில் இறக்குவது யாராகவும் இருக்கலாம். மந்திரி இறக்குவார், கலெக்டர் இறக்குவார், போட்டோ எடுத்ததும் கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது. வெறுங்காலோடு நின்று, குதிகாலால் வேரைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று புகுந்து வேர் காய்ந்துபோகும். அந்த மிதியைத்தான் மரம் நினைவில் வைத்துக்கொள்ளும். மஞ்சணத்திமலை முழுக்க மிதித்தது நாங்கள். அதனால் பொழுது சாய்ந்தால் எங்கள் லயன் வீடுகளுக்கு முன்னால் கால் வைக்க இடமிருக்காது.

என் பெயர் ஆவுடைத்தங்கம். அந்த மலையில் தோட்டம் போட வந்த பெண்கள் கூட்டத்துக்கு நான்தான் மேஸ்திரி. எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளமில்லாவிட்டால் வாட்சர்கள் எங்களை அவர்கள் வீட்டுக்கும் விறகு பொறுக்க அனுப்பியிருப்பார்கள்.

எங்கள் ரேஞ்சர் செல்வின் துரைக்கும் ஒரு மரம் உண்டு. முதல் நாள் பூஜைக்காக ஷூவைக் கழற்றிவிட்டு நின்றவரைக் கட்டெறும்பு கடித்தது. அய்யோ அம்மா என்று தங்குதங்கென்று குதித்தார். குதித்த இடம் ஒரு புங்கன் கன்றின் குழி. அன்று முதல் அந்தப் புங்கன் அவருடைய ஜீப்பில் ஏறிக் குவார்ட்டர்ஸுக்குப் போய், அடுப்படி ஜன்னலோரம் நிற்கிறது. அவர் வீட்டம்மாவுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். இவரைவிடச் சொன்ன பேச்சு கேட்கிறதாம்.

தோட்டம் இடுப்பளவு வந்ததும் எங்களை அனுப்பிவிடுவது அரசாங்கத்தின் வழக்கம். லயன் வீடுகளையும் பிரித்துவிடுவார்கள். கிளம்புவதற்கு முன்னால் புதிய காவல் ஆட்கள் வந்து ஒவ்வொரு குழியிலும் இறங்கி மிதிப்பார்கள். அதற்கு மாற்று மிதி என்று பெயர். அதோடு மரம் ஆள் மாறிவிடும். நேற்றுவரை என் வாசலில் நின்ற தேக்கு, இன்றைக்கு என்னை யாரோ எவளோ என்று பார்க்கும். போன மலையில் அப்படித்தான், அதற்கு முந்தின மலையிலும் அப்படித்தான். ஊர்ப்பட்ட காடு வளர்த்திருக்கிறேன், நான் வளர்த்த ஒரு மரத்தின் நிழலில் ஒரு நாளாவது உட்கார்ந்ததில்லை. எனக்கு அந்த நிழல் வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

மஞ்சணத்திமலையிலும் அந்த நாள் வந்தது. "நாளைக்குப் பெரிய ஆபீசர் அம்மா தோட்டம் பார்க்க வர்றாங்க. காலையிலேயே நீங்கல்லாம் கிளம்பிருங்க" என்றார் ரேஞ்சர். சொன்ன கையோடு காண்ட்ராக்ட் காவல் ஆட்களை மாற்று மிதிக்கு மலையேற்றினார். ஆபீசர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று, அத்தனை பேருக்கும் முழங்கால்வரை புது ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டே குழி குழியாக மிதித்துப் போனார்கள்.

எங்கள் கூட்டத்துச் சுடலைவடிவுக்குக் கண் விரிந்தது. "யக்கா, பூட்ஸோட மிதிக்கானுவளே, அது..." என்று ஆரம்பித்தாள்.

நான் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "சும்மா கெட ஏட்டி. நம்மகிட்ட யாராவது கேட்டாவளா?"

யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டு மலையடிவாரச் சாலையில் இறங்கினோம். மரங்களும் இறங்கின. தேக்கு, வேங்கை, நெல்லி, எல்லாம் எங்கள் பின்னால் வந்தன. நடும்போது கயிறு பிடித்து விட்ட இடைவெளியைக்கூட அவை குறைத்துக்கொள்ளவில்லை. அதனால் ஊர்வலம் வெகுதூரம் நீண்டது. எதிரே வந்த டவுன் பஸ் ஓரங்கட்டி நின்றது. டிரைவர் இறங்கி, நெல்லிக்கன்று ஒன்று பள்ளத்தைத் தாண்டக் கைகொடுத்துவிட்டு, வெற்றிலை போட உட்கார்ந்தார்.

செக்போஸ்ட்டில் கார்டு உலகநாதன் கம்பை இறக்கிவிட்டார். "நீங்க போலாம் யக்கா. மரம் போகக் கூடாது. பர்மிட் எங்க?"

"பர்மிட் போட்டுக் குடும்" என்றேன்.

"வெட்டுன மரத்துக்குத்தான் பர்மிட். நடந்து வர்ற மரத்துக்குக் கெடையாது."

நியாயமான பேச்சு. நான் கம்புக்கு அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தேன். மரங்கள் கம்புவரை வந்து முட்டிக்கொண்டு நின்றன. என்னுடைய தேக்கு ஒரு இலையை நீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கமே திரும்பி வந்து, மூட்டையை இறக்கி ரோட்டில் உட்கார்ந்தேன். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மரங்கள் எங்களைச் சுற்றி நின்றன.

அந்த நேரத்துக்குப் பெரிய ஆபீசர் அம்மாவின் கார் வந்தது. தலைக்கு மேலே மலை மொட்டையாகத் தெரிந்தது. அந்த அம்மா மலையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "தோட்டம் நல்லா வந்திருக்கு. ஆனா இடம் தப்பா இருக்கே" என்றார்.

ரேஞ்சர் ஜீப்பில் பறந்து வந்தார். பின்சீட்டில் புங்கன். "ஏம்மா, எல்லாத்தையும் கூட்டிட்டு மேல போங்க!" என்று கத்தினார்.

"போனா உங்க ஆளுவ பூட்ஸக் கழத்திட்டு மிதிச்சிருவாவளே" என்றேன்.

"அப்ப இங்கயே மிதிக்கச் சொல்றேன்!"

"தார் ரோட்டுல என்னத்த மிதிக்க? குழி மேலல்லா கெடக்கு."

ஆபீசர் அம்மா எனக்கு எதிரே, ரோட்டிலேயே குந்தினார். "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"நெழலு" என்றேன். "நாங்க மிதிச்ச மரத்து நெழல்ல நாங்க உக்காரணும். அதுவரைக்கும் வீட்டப் பிரிக்கப்பிடாது, எவனும் மாத்தி மிதிக்கப்பிடாது."

அவர் எழுந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "மரம் செக்போஸ்ட்டைத் தாண்டக் கூடாதுங்கறது சட்டம். இவங்க இல்லாம மரம் மலையில நிக்காது. அப்ப இவங்களும் தாண்டக் கூடாது. இங்கயே நிரந்தரமா இருக்கட்டும். மாற்று மிதி இனிமே கிடையாது. செல்வின், உங்க புங்கனுக்கும் இது பொருந்தும்."

நாங்கள் போட்ட குலவைச் சத்தத்தில் பஸ்ஸுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். சுடலைவடிவு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், கிள்ளின இடத்தையும் காட்டிக் காட்டி அழுதாள். முன்னால் மரங்கள், நடுவில் நாங்கள், பின்னால் ஆபீசர் அம்மாவும் பஸ்ஸில் வந்த சனமுமாக மலையேறினோம். உச்சியைத் தொடும்போது மலை பச்சையாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட நாள் என் ஆயுசில் வந்ததில்லை.

பிற்பாடு ரேஞ்சருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. ஜீப்பில் புங்கனும் இருந்ததால் உலகநாதன் கம்பைத் தூக்கவில்லை. ரேஞ்சர் இப்போது எங்கள் லயனில்தான் கடைசி வீட்டில் இருக்கிறார். நன்றாகக் களை பறிப்பார்.

என் தேக்கு இப்போது எனக்கு இரண்டு ஆள் உயரம். முந்தாநாள் மத்தியானம் கஞ்சித்தூக்கைத் திறந்துகொண்டு அதன் அடியில் உட்கார்ந்தேன். நிழல் என் தலையில் விழுந்து, மடியில் விழுந்து, காலையும் மூடியது. அடேயப்பா, என்ன குளிர்ச்சி! வாய்விட்டுச் சிரித்தேன். காலை நீட்டினேன். தேக்கு மெல்ல ஒரு வேரை வெளியே எடுத்து, என் பாதத்தைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, நாங்கள் செய்வதுபோலவே அழுத்தி அழுத்தி மிதித்தது.

சாயங்காலம் வேலை முடிந்தது. எல்லோரும் லயனுக்கு இறங்கினார்கள். தேக்கு மலைக்கு அந்தப் பக்கம் திரும்பி நடந்தது. மிதித்தவர் வீட்டுக்குத்தானே போகவேண்டும்? நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனேன்.