ஞாயிற்றுக்கிழமைச் சித்தி

ஊஞ்சல் வரிசையில் அவர்களுக்கு முன்னால் இன்னும் ஐந்து பிள்ளைகள் நின்றார்கள்.

"மூணாவது ஊஞ்சல் காலியானா மட்டும் போ. மத்ததுல சங்கிலி விரலைக் கடிக்கும்" என்று அவள் மகளின் காதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்தப் பூங்காவில் எந்த ஊஞ்சல் கடிக்கும், எந்தச் சறுக்கு வெயிலில் சுடும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூன்று வருஷமாகத் தினமும் சாயங்காலம் வருகிறாள். வந்ததெல்லாம் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை பட்டுவோடு. பெற்ற மகள் இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறாள்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் போனில் பட்டு ஊஞ்சலாடும் படங்களைப் பார்த்துப் பார்த்து, "அதே ஊஞ்சல்ல நானும்" என்று மாதக்கணக்கில் நச்சரித்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு லீவு. கடைசி மூன்றையும், விருந்தாளி வருகிறார்கள் என்று வீட்டம்மா விழுங்கிவிட்டாள். இந்த ஞாயிறு பட்டு வீட்டார் கல்யாணம் ஒன்றுக்கு வெளியூர் போய்விட்டார்கள். மற்றப் பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்களே கூட்டி வருவார்கள், வேலைக்காரப் பெண்கள் யாரும் தலைகாட்ட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"அடி இவளே! லீவு நாள்லயும் இங்கதானா?"

கணக்கு தப்பிவிட்டது. இரட்டைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ரெட்டையக்கா வந்தாள். பட்டு வீட்டுக்கு மேல்மாடியில் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அதனால் அந்தப் பெயர். மனசில் கள்ளம் கிடையாது, ஆனால் வாய் ஓயாது. அவளிடம் ஒன்றைச் சொன்னால் லிஃப்ட் மேலே போய்ச் சேர்வதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"யாருடி இது? மூக்கும் முழியும் உன்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு!"

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வியே, "உனக்குச் சின்னக் குழந்தை ஏதும் இருக்கா?" என்பதுதான். "இருந்தா சரிப்படாது. காய்ச்சல், இருமல்னு லீவு போட்டுடுவ." அதற்கு முன் இரண்டு வீடுகளில் உண்மையைச் சொல்லி வாசலோடு திரும்பி வந்தவள், "இல்லைங்கம்மா" என்றாள். அன்றிலிருந்து வாலு இல்லாத பிள்ளை. வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தால் யாரும் சொல்லாமலே தன் வாயைத் தானே பொத்திக்கொள்வாள்.

"எங்க அக்கா பொண்ணு" என்றாள் ரெட்டையக்காவிடம்.

அதைச் சொல்லும்போது மகளின் கை அவள் கைக்குள்தான் இருந்தது. அந்தச் சின்னக் கை அசையாமல் கிடந்தது. பிறகு வாலு நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தி, மூணாவது ஊஞ்சல் காலி" என்றாள்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ரெட்டையக்காவுக்குச் சிரிப்பு. "என்ன சமத்து பாரு! உனக்கும் காலாகாலத்துல ஒண்ணு பொறந்திருந்தா இந்த உயரம் இருக்கும்."

முறை வந்ததும் மகளை மூன்றாவது ஊஞ்சலில் உட்கார வைத்து வீசி ஆட்டினாள். பட்டுவாக இருந்தால் பூங்கா அதிரக் கத்தும். வாலு சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. வீட்டில் கட்டிலிலிருந்து ஜன்னலுக்குத் தாவுகிறவள், இங்கே சொன்ன இடத்தில் நின்றாள், காட்டியதில் ஏறினாள். ரெட்டையக்கா பக்கத்துப் பெஞ்சில் வசதியாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். எழுந்து போகிற வழியாகத் தெரியவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்று அவள் குனிந்து கேட்டாள்.

"பிடிச்சிருக்கு சித்தி."

கம்பி ஏணியில் மேல்படிக்குப் போகும்போது வாலுவுக்குக் கால் வழுக்கியது. சரளைக் கல்லில் குப்புற விழுந்தாள்.

"அம்…"

அவள் ஓடினாள். அதற்குள் வாலு தலையைத் தூக்கிப் பெஞ்சுப் பக்கம் பார்த்துவிட்டாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். முட்டியில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

"சித்தி" என்றாள், மெதுவாக.

பட்டுவோடு வரும்போது பஞ்சு, மருந்து, பிளாஸ்திரி, மாற்றுத் துணி என்று ஒரு பை நிறையக் கொண்டுவருவாள். இன்றைக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு பன்னும்தான் எடுத்து வந்திருந்தாள். தன் பிள்ளையும் விழும் என்று ஏன் தோன்றவில்லை? ரெட்டையக்காதான் வண்டிப் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தாள்.

"கல்லு மாதிரி இருக்காளே! எங்க ரெண்டையும் எறும்பு கடிச்சாலே அம்மா அம்மான்னு ஊரைக் கூட்டிடுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிளாஸ்திரியின் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடுடா தங்கம். இனிமே அம்மான்னே கூப்பிடலாம்."

வாலு முன்னும் பின்னும் திரும்பி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள்.

"அந்த ரெட்டை வண்டிப் பெரியம்மா இந்த பஸ்ல இல்லையே?"

"இல்ல."

"அப்ப இப்ப அழட்டுமா?"

அவள் தலையை ஆட்டினாள். வாலு அவள் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இத்தனை நேரம் அடக்கி வைத்ததையெல்லாம் விக்கி விக்கி அழுதாள். முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, குழந்தை இப்படி அழுது? உங்க பொண்ணா?"

அவள் வாயைத் திறந்தாள். மார்பிலிருந்து ஒரு சின்னக் கை சட்டென்று மேலே வந்து அந்த வாயைப் பொத்தியது.

"இல்ல" என்றாள் வாலு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இவங்க எங்க சித்தி."