விதானையாரின் கியர் பொக்ஸ்

கராஜ் தரையில் இரண்டு எஞ்சின்கள் கிடந்தன. இரண்டில் ஒன்று இன்றைக்குத் தெரிவாக வேண்டும்.

தெரிவு செய்ய வேண்டிய சீனிமுகம்மது விதானையார் மருமகன் சப்ரியின் ஓட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் கைத்தடி, பிறகு வலது கால், கடைசியாக இடது கால். இடது பாதத்தில் பாதிதான் மிச்சம். மற்றப் பாதியைச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு போன வருஷமே வாங்கிக்கொண்டது.

குணம் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தான். காரைதீவுக்காரன். கல்முனையில் கராஜ் போட்டுப் பதினாறு வருஷம். டீசல் ஜீப் என்றால் அக்கரைப்பற்றிலிருந்தும் அவனைத் தேடி வருவார்கள்.

"என்ன குணம், என்ட பொஞ்சாதிக்கு உசிர் குடுத்திட்டியா?"

"சொந்தப் பொஞ்சாதி றஹீமா ராத்தாக்குக் கேட்டா தெரியும் விதானையார்."

"கேட்டாலும் ஒண்டும் செய்யா. முப்பது வருஷமா அவளுக்கு இவள் சக்களத்திதானே" என்று ஜீப்பின் மட்காட்டில் தட்டினார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு லேண்ட்குரூசர். ஏழு பேர் குந்தலாம், பின்னால் நாலு உரமூட்டையும் போடலாம். தை வெள்ளத்தில் குளத்து வான் பாய்ந்த பாதையில் இறங்கியதும் எஞ்சின் தண்ணீரைக் குடித்து, உள்ளே கம்பி முறிந்து, அதே இடத்தில் செத்துப்போனது. தண்ணீரைக் கண்டும் ஏன் எக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை என்று குணம் அன்றே கேட்டான். "எடுத்தனே" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தான். வண்டியை உடைத்தவர்கள் சொல்லாத பொய்யா?

ஜீப் இல்லாமல் அவருக்குப் பதவி இல்லை. அவர் வட்டைவிதானை. எண்ணூறு ஏக்கர் வயலுக்கு எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது என்பது அவர் வாய்ச்சொல். விவசாயிகள் கூட்டத்தில் கைதூக்கித் தெரிவு செய்கிற வேலை. வியாழக்கிழமை சிறுபோகக் கூட்டம். இந்தமுறை பளீல் எதிர்த்து நிற்கிறான். மோட்டார் சைக்கிளில் ஒரு நாளைக்கு மூன்று தரம் மதகுக்குப் போய்வருகிற முப்பத்தைந்து வயதுக்காரன். நடக்க ஏலாத ஆளுக்கு விதானை வேலை என்னத்துக்கு என்று தேத்தண்ணிக் கடையெல்லாம் கதைத்துத் திரிகிறான்.

"பளீல் கேட்கிறதும் நியாயம்தானே மாமா" என்றான் சப்ரி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாய்க்காலப் பார்க்காத விதானையும் பாங்கு சொல்லாத மோதினும் ஒண்டு. நான் பார்ப்பன். என்ட ஜீப்புல, நானே ஓடிப் போய்ப் பார்ப்பன். நீ போய் மூண்டு பிளேன்ரீ வாங்கிட்டு வா. எனக்குச் சீனி போடாத."

சப்ரி போனான்.

"சொல்லு குணம். எது?"

குணம் வலப்பக்கத்து எஞ்சினைக் காட்டினான். "இது பழைய ரகம். கொம்பியூட்டர் கிம்பியூட்டர் ஒண்டும் இல்ல. இடுப்பளவு தண்ணிக்கும் அஞ்சாது. நடுக்காட்டில நிண்டாலும் உழவு மெசின் திருத்துறவன் திருத்துவான். ஆனா மெனுவல் கியர். கிளச் உங்கட பழசு மாதிரி இல்ல, கல்லு மாதிரி."

விதானையார் தன் இடது காலைப் பார்த்தார்.

"மற்றது புது ரகம், டேர்போ. ஓட்டோ கியர், கிளச்சே இல்ல, வலது கால் மட்டும் போதும். ஆனா எல்லாத்துக்கும் வயர். ஒருக்கா வான் தண்ணிக்குள்ள இறங்கினா கொம்பியூட்டர் போயிரும்."

"அப்ப ஒண்டு வயலுக்கு ஏலும், எனக்கு ஏலா. மற்றது எனக்கு ஏலும், வயலுக்கு ஏலா."

"ஓம்."

"இதச் சொல்லவா ஒரு மாசம் எடுத்தாய்?"

குணம் சிரித்தான். மூலையில் கிடந்த சாக்கை இழுத்தான். கீழே ஒரு கியர் பொக்ஸ். கொழும்பு, குருநாகல், மாத்தறை என்று நாற்பது பேருக்குப் போன் அடித்துப் பிடித்தது. பழைய ரக எஞ்சினோடு அப்படியே பூட்டக்கூடிய, வயர் குறைந்த ஓட்டோ பொக்ஸ். தண்ணீருக்கும் நிற்கும், கிளச்சும் வேண்டாம்.

விதானையார் குனிந்து பொக்ஸைத் தடவிப் பார்த்தார். பிறகு அவன் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது.

"ஸ்டார்ட் பண்ணு. சத்தத்தக் கேப்பம்."

எஞ்சின் மரக்கட்டைகளின் மேல் இருந்தது. பெட்டரியைக் கொழுவி, டீசல் குழாயைக் கலனுக்குள் விட்டு, தண்ணீர் வாளியை இணைத்தான் குணம். இரண்டு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கராஜ் தகரமெல்லாம் அதிர்ந்தது. விதானையார் கைத்தடியை ஊன்றி, வலது காலைக் கட்டையில் வைத்துக் குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஐந்து நிமிஷம் ஓடியிருக்கும். குணத்தின் மூக்கில் ஏதோ ஏறியது.

றப்பர் வாசம். வயரா? பெல்ட்டா? பெட்டரிப் பக்கம் பார்த்தான். ஒன்றும் இல்லை. எஞ்சினைச் சுற்றி வந்தான்.

புகைக்குழாய் சூடேறிக் கருநீலமாகியிருந்தது. அதில் ஒட்டியபடி விதானையாரின் வலது கால். செருப்பின் ஓரம் உருகி இழுபட்டுக்கொண்டிருந்தது. றப்பர் வாசத்துக்குள் இன்னொரு வாசமும் கலந்திருந்தது.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விதானையார்! கால்!"

எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்து அவரை இழுத்து ஒரு பழைய ரயரில் இருத்தினான். செருப்பைக் கழற்ற, தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. சிறுவிரல் பக்கம் வெள்ளையாக வெந்திருந்தது. அவர் அதை வேறு யாருடையதோ ஒரு காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நோகல்லியா?"

அவர் வெந்த இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இந்தக் காலும் செத்துட்டுதா?"

"சத்தம் போடாத. சப்ரி வந்திருவான்."

"எவ்வளவு காலமா?"

"போன வருஷ நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. கீழ பார்த்துத்தான் நடக்கிறன்."

குணத்துக்கு அப்போதுதான் தை வெள்ளம் விளங்கியது. மனுஷன் பொய் சொல்லவில்லை. காலை எடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறார். கால் எக்சிலேட்டரிலேயே இருந்திருக்கிறது.

"அண்டைக்கு முன்னுக்கு இருந்தது தண்ணி" என்றான் மெதுவாக. "உங்கட நிந்தவூர்ப் பள்ளிக்கூடம் விடுற நேரம் எண்டா?"

"பார்த்து மிதிப்பன்டா. கண்ணால பார்த்து மிதிப்பன்."

"றோட்டையா பார்ப்பீங்க, காலையா பார்ப்பீங்க?"

அவர் மூலையில் கிடந்த பொக்ஸைக் காட்டினார். "ஓட்டோ பொக்ஸப் போடு குணம். வியாழக்கிழமை நான் ஜீப்ப ஓடிக்கொண்டு போய் இறங்கோணும். அத அவனுகள் பார்க்கோணும். ஒரு நாள், ஒரே ஒரு நாள்."

"போட மாட்டன்."

"வேற கராஜ் இரிக்கி."

"போங்க. நான் நேரா ராத்தாக்கிட்டப் போவன்."

வெளியே சப்ரியின் குரல் கேட்டது. யாரோடோ சிரித்துக் கதைத்தபடி வந்துகொண்டிருந்தான். விதானையார் குணத்தின் சட்டையைப் பிடித்தார்.

"மெனுவலப் போடு. இவன் ஓடட்டும். நான் பக்கத்துல குந்துறன். ஆனா இந்தக் கால்ட கதை ஒண்டு வெளிய போகப்படா. கூட்டம் முடியுமட்டும். சொல்லு."

இதில் என்ன நட்டம் என்று குணம் யோசித்தான். வண்டி அவர் காலுக்குத் தப்பிவிட்டது. நாலு நாள் வாயை மூடுவது பெரிய காரியமா? ஒரு மனுஷனிடமிருந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்கவும் மனம் வரவில்லை.

"கூட்டம் முடியுமட்டும்தான். மருந்து கட்டுவீங்களா?"

"கட்டுறன். அல்லாஹ் மேல ஆணை."

குணம் தன் கராஜ் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தான். சப்ரி தேத்தண்ணியோடு உள்ளே வரும்போது விதானையார் சப்பாத்துக் காலை ரயருக்குப் பின்னால் இழுத்து வைத்திருந்தார்.

"என்ன முடிவு மாமா?"

"மெனுவல்."

"அப்ப கிளச்ச ஆர் மிதிக்கிற?"

"நீதான். கலியாணத்துக்குச் சீதனமா ஜீப் வேணும் எண்டு கேட்டவன்தானே, ஓடு."

சப்ரி தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பைச் சுற்றிப் பார்த்தான். நாற்பது பேருக்குப் போன் அடித்துப் பிடித்த பொக்ஸைக் குணம் மறுபடி சாக்கால் மூடினான்.

வியாழக்கிழமை கூட்டத்தில் விதானையார் வென்றார். ஜீப் வேலை முடியாததால் சப்ரியின் ஓட்டோவில் போய், சப்பாத்துப் போட்டு, ஒரு மணித்தியாலம் நின்றபடியே கதைத்தாராம். உட்காருங்க விதானையார் என்று பளீலே கதிரை கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லையாம். பதினொரு வாக்கு வித்தியாசம்.

அவர் மருந்து கட்டியிருக்கவில்லை. கட்டுப் போட்டால் சப்பாத்துக்குள் கால் போகாதே. வெள்ளி காய்ச்சல். அதைத் தடிமன் என்றார். சனி இரவு வாசம் பிடித்துத்தான் றஹீமா சப்பாத்தைக் கழற்றினாள். ஞாயிறு ஆஸ்பத்திரி. செவ்வாய், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் குணம் ஜீப்பை நிந்தவூருக்கு ஓட்டிப் போனான். எஞ்சின் குறையே சொல்ல முடியாதபடி ஓடியது. கிளச் மட்டும் கல்லு.

கேற்றில் றஹீமா நின்றாள். ஜீப்பின் திறப்பை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"சூடு பட்டது ஒங்கட கராஜுலதான் எண்டு சப்ரி சொல்றான். காலுல கிடந்ததும் ஒங்கட சப்பாத்து. ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

தெரியாது என்று ஒரு சொல் சொல்லிவிடலாம். அவன் வாயும் அதற்குத்தான் திறந்தது.

"தெரியும் ராத்தா."

"எப்ப இருந்து?"

"பட்ட நேரத்தில இருந்து."

அவள் கத்துவாள் என்று நின்றான். கத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்பையே பார்த்தாள்.

"ஒரு போன்" என்றாள். "ஒரு போன் அடிச்சிரிந்தா, அந்த விரலோட போயிரிக்குமாம். டொக்டர் சொன்னார்."

உள்ளேயிருந்து விதானையாரின் குரல் கேட்டது. ஜீப்பின் சத்தம் கேட்டிருக்கிறது. "குணமா? சத்தம் நல்லாரிக்கிடா! உள்ள வா!"

குணம் கேற்றைத் தள்ளினான். றஹீமா கையைக் குறுக்கே வைத்தாள்.

"திறப்ப வண்டியிலேயே வெச்சிட்டுப் போங்க."

வைத்தான். திரும்பி மெயின் றோட்டுக்கு நடந்தான். பின்னால் அந்தக் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் கியரில் இழுக்கிறதா என்று கேட்டது. மதகுப் பாதை காய்ந்துவிட்டதா என்று கேட்டது.