துவைக்காத ஜெர்சி

ஏழாவது வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவனிடம், "இவங்கதான் அந்த ஜெர்சியைத் துவைக்காம எடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்று வீட்டில் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் என் மாமியாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த வழிகாட்டிப் பெண்ணுக்குத் தகவல் அனுப்பினான். மாமியார் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

மாமியார் இந்தக் கால்பந்து கிளப்பின் சலவைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததும் இல்லை. நானும் வருடா வருடம் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டேன். போன வருடம் மாமனார் இறந்தார். இந்த வருடம் நான் கேட்காமலேயே, "மைதானத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போறீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் நான் கோட்டைவிட்டவன். ஆனால் இந்த கிளப்பின் வரலாற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய இறுதிப் போட்டி. மழை. கடைசி நிமிடத்தில் எங்கள் கேப்டன் கோலுக்கு முன்னால் விழுந்தார். பின்னாலிருந்து இழுத்தார்கள் என்று பெனால்டி கேட்டோம். வழுக்கி விழுந்தார் என்று நடுவர் கையை விரித்துவிட்டார். கோப்பை போனது. கேப்டனுக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்பதால் அவருடைய ஜெர்சியைச் சேற்றோடு அப்படியே வைத்துக்கொள்ள கிளப் முடிவு செய்தது. மறுவாரம் அதை விரித்துப் பார்த்தால், வலது பக்கத் தையல் அக்குளிலிருந்து இடுப்புவரை பிரிந்து கிடந்தது. பிடித்து இழுத்ததற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஊரே கொதித்தது. அந்த நடுவருக்கு அதன்பிறகு யாரும் பெரிய ஆட்டம் எதுவும் கொடுக்கவில்லை.

என் அப்பா அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட நர்ஸிடம் அந்த நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண்ணின் அம்மாதான் அந்த ஜெர்சியைக் காப்பாற்றியவர் என்று தெரிந்ததும், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டார். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

மைதானத்தைச் சுற்றிப் பார்க்க வந்த எங்கள் குழுவில் பதினைந்து பேர். வீரர்கள் உடை மாற்றும் அறையில் எல்லோரும் ஜெர்சிகளைப் படம் எடுத்தார்கள். மாமியார் காலர்களைத் திருப்பிப் பார்த்தார். "இப்ப சோப்பை ரொம்பப் போடுறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அருங்காட்சியகத்தில் அந்த ஜெர்சிக்குத் தனி அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் கைகளை விரித்தபடி அது நின்றது. தோளிலும் முழங்கையிலும் காய்ந்த சேறு. வழிகாட்டிப் பெண் கதையைச் சொல்லி முடித்து, எல்லோரும் கிட்டே வந்து பார்க்கலாம் என்றாள். மாமியார் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குப் போய் நின்றார்.

"மாப்பிள்ளை, இதை நான் துவைச்சிட்டேன்."

"எதை அத்தை?"

"இதைத்தான். ஞாயித்துக்கிழமை காலையில மூட்டை வந்துச்சு. மொத்தமா மெஷின்ல போட்டு, கொடியில காயப்போட்டுட்டு வர்றேன், போன் அடிக்குது. கேப்டன் ஜெர்சியத் துவைக்காதீங்கன்றாரு மேனேஜர். சரிங்க, தனியா எடுத்து வச்சிருக்கேன்னு வாய் தானா சொல்லிடுச்சு. வேலைக்குச் சேந்து நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு."

நான் ஜெர்சியைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க மாமாவப் போட்டுக்கச் சொன்னேன். பேப்பர்ல வந்த போட்டோவ ஜன்னல்ல சாய்ச்சு வச்சு, அதே மாதிரி கொல்லைச் சேத்துல விழச் சொன்னேன். மூணு தடவ விழுந்தாரு. மூணாவது தடவதான் டர்ருன்னுச்சு."

கேப்டன் ஒல்லியான மனிதர். என் மாமனாருக்கு ஒரு நாற்காலி போதாது. அக்குளிலிருந்து இடுப்புவரை, முப்பத்தொரு வருடமாக ஒரு ஊரின் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது அவருடைய தொப்பை.

"தைச்சிருக்கலாமே."

"நேரம் இல்ல. சேத்தோட இருக்கிற துணியில தையல் போனா யார் பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன். அது அந்த நடுவர் தலையில விடியும்னு தெரியல. உண்மையச் சொல்லி கிளப்புக்கு ரெண்டு தடவ லெட்டர் எழுதினேன். வேலை போயிடும்னு மாமாவே கிழிச்சுப் போட்டாரு. நான் ரிட்டயர் ஆனப்ப அந்த நடுவரும் செத்துப் போயிட்டாரு." பிறகு விரலால் கண்ணாடியைத் தொட்டார். "இந்த முழங்கை உங்க மாமாவோடது. அவரு வச்ச சேறு. இதப் பாக்கத்தான் வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. மாமியார் மேலா, அப்பா மேலா, இருபது வருடமாக அந்தப் பெட்டிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என் மேலேயேவா என்று தெரியவில்லை. அதை யோசிக்கவும் நேரம் கிடைக்கவில்லை. வழிகாட்டிப் பெண் கைதட்டி எல்லோரையும் அழைத்து, "இன்னைக்கு நம்மகூட ஒரு முக்கியமானவங்க இருக்காங்க" என்றாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போல. மைக் மாமியார் கைக்குப் போய்விட்டது.

"சொல்லுங்கம்மா, அன்னைக்கு ஏன் இதத் துவைக்கணும்னு தோணல?"

மாமியார் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் துவைச்சிட்டேன்மா. அப்புறம் என் வீட்டுக்காரர் போட்டுக்கிட்டு சேத்துல விழுந்தாரு. கிழிஞ்சது அவரு தொப்பையில. யாரும் இழுக்கல. நடுவர் சொன்னதுதான் சரி."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். "அம்மாவுக்குக் குசும்பப் பாருங்க" என்றாள் வழிகாட்டிப் பெண். "நெஜமாத்தான் சொல்றேன்" என்றார் மாமியார். சிரிப்பு இன்னும் கூடியது. ஒருவர் தன் மனைவியை அவர் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். மாமியார் கூட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கி என்னைத் தேடினார். அவங்க சொல்றது உண்மை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை.

வெளியே போகிற வழியில், நீளமான நடைபாதையின் கடைசியில் நடுவரின் படம் சுவரில் ஒட்டியிருக்கும். ஆளுயரம், கையில் விசில். ரசிகர்கள் விட்டுவைக்கவில்லை. மீசை, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, தலையில் நீலப் பேனாவில் இரண்டு கொம்பு. இடது கொம்பு நான் வரைந்தது. அன்று நான் வரைந்து முடிக்கும்வரை, காவலாளி வருகிறானா என்று அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்கள் கடைப் பக்கம் போனார்கள். நான் நின்றுவிட்டேன். கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, கொம்பின் நுனியில் அழுத்தித் தேய்த்தேன். நீலம் கலைந்து அவர் நெற்றிக்கு இறங்கியது.

மாமியார் பக்கத்தில் வந்தார். கைப்பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்து, என் கைக்குட்டையின் ஒரு முனையில் இரண்டு சொட்டு விட்டார்.

"தேய்ச்சா பரவும் மாப்பிள்ளை. ஒத்தி எடுங்க."

ஒத்தினேன். மை கொஞ்சம் துணிக்கு வந்தது. அவர் துணியைத் திருப்பிச் சுத்தமான பக்கத்தைக் கொடுத்தார். மறுபடி ஒத்தினேன். பின்னால் அடுத்த குழு ஜெர்சி அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இழுத்தார்கள், கிழிந்தது, ஒரு பெண் துவைக்காமல் எடுத்து வைத்தாள் என்று அதே குரல் அங்கே தொடங்கியபோது, இடது கொம்பில் பாதி போயிருந்தது.