அவருக்கு வாங்கிய புத்தகம்

மங்கோச்சி ஏரிக்கரையில் எங்கள் ஊரில் ஆளுக்கொரு ஆஸ்பத்திரிப் புத்தகம் உண்டு; கடையில் வாங்கிப் போனால், சோதனை முடிவு எல்லாம் அதில்தான் எழுதித் தருவார்கள். என் கணவர் லாபுகேனிக்கு மட்டும் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன், பிள்ளை உண்டாகியிருந்த எனக்கு எச்.ஐ.வி. பார்த்து, இல்லை என்று என் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதை அவர் படகுக்காரர்களிடம் காட்டித் திரிந்தார்.

"பாத்துக்கோங்கடா, ஒரே பாயில படுக்கிறோம். அவளுக்கு இல்லன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

போன வாரம், அவருடைய மீனை வாங்கி விற்கும் ஃபைனெஸ் அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தது. அவளுக்கும் இவருக்கும் நடுவில் மீன் மட்டும் இல்லை என்பது கரைக்கே தெரியும்.

"நீங்களும் போய்ப் பாத்துடுங்க" என்றேன்.

"நானா? இந்த உடம்புல நோய் தங்குமா? ஃபைனெசும் நல்லா குண்டாத்தானே இருக்கா!"

செவ்வாய்க்கிழமை நானே மறுபடி போனேன். அந்தச் சோதனைக்குக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும்.

"என்னடி அசியத்து, எவனோட மாட்டிக்கிட்ட?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெனிபா.

"உன் புருஷனோடதான். நீயும் வந்து உக்காரு."

பெஞ்சே சிரித்தது.

இந்த முறையும் இல்லை. நர்ஸ் மெதுவாகச் சொன்னார்: "இது உனக்கு மட்டும்தாம்மா. அவருக்கு இருந்தா நாளைக்கே உனக்கு வரலாம், வயித்துப் பிள்ளைக்கும் வரலாம்."

ஆஸ்பத்திரி வாசலில் லாபுகேனி மீன்வாடையோடு நின்றிருந்தார்.

"என்ன வந்துச்சு?"

"இல்லையாம்."

"நான்தான் சொன்னேனே! கொடு புத்தகத்த."

தன் முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். நான் என்னுடையதைக் கொடுக்கவில்லை. காலையிலேயே வாங்கி, அவர் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் எழுதி வைத்திருந்த புதுப் புத்தகத்தை நீட்டினேன்.

"இதுல எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க பாய் வெளி அறையில."

"உன் வீடுங்கிற திமிரா?"

எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது.

"பிள்ளைக்காகக் கேக்குறேங்க" என்றேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் தண்ணீர் எடுத்துத் திரும்பியபோது வீட்டில் அவர் பாயும் இல்லை, துடுப்பும் இல்லை. புத்தகம் மட்டும் தரையில் கிடந்தது. பிரித்தேன். எங்கள் ஊர்ப் பெயரை அடித்துவிட்டுத் தன் அம்மாவின் ஊரை எழுதியிருந்தார். மற்ற பக்கங்கள் வெறுமையாக இருந்தன.