படிக்கட்டில் மௌனம்

பல் டாக்டர் வீட்டு ஹாலில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டதும் பட்டப்பகல் இருட்டாகிவிட்டது. பேய்ப்பட ரசிகர் மன்றத்தார் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுநாயகமாகத் தலைவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மன்றத்தில் அவருக்குப் பெயர் பாறை. எந்தப் பேய் எந்தக் கதவைப் பிளந்துகொண்டு வந்தாலும் அவர் இமைகூட ஆடாது என்பதால் வந்த பட்டம்.

பாறைக்கு இன்று உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருந்தது.

காரணம் காதில் இருந்தது. அவருடைய பழைய காது மெஷினில் பின்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. பயங்கரக் கட்டம் நெருங்கும்போது காதைச் சொறிவதுபோல அதை அணைத்துவிடுவார். சத்தத்தை எடுத்துவிட்டால் பேய் என்பது முகத்தில் மாவு பூசிக்கொண்டு நடக்கும் ஒரு சம்பளக்காரி, அவ்வளவுதான். மகள் இப்போது வாங்கிக் கொடுத்திருக்கும் புது மெஷினில் பொத்தானே இல்லை. எல்லாம் போனில். "அப்பா கையில கொடுத்தா அணைச்சு வெச்சிட்டு உக்காந்திருப்பார்" என்று மகள் அதையும் அம்மாவின் போனில் ஏற்றிவிட்டாள். அந்த அம்மா இதோ பக்கத்து நாற்காலியில். மன்றத்துக்கு இன்றுதான் முதல்முறையாக வந்திருக்கிறாள்.

போட்டிருப்பதோ 'ஈரச்சுவர்'. நாயகி படிக்கட்டில் இறங்கும் கட்டத்தில் இயக்குநர் கையாண்ட மௌனத்தைப் பற்றிப் பாறை வருஷக்கணக்காக உரையாற்றி வருகிறார். 'மௌனமே இங்கு பேய்' என்ற அவருடைய வாசகத்தைப் பல் டாக்டர் சட்டம் போட்டு மாட்டியே வைத்திருந்தார். படம் முடிந்ததும் உரை உண்டு.

"தலைவரே, வேர்க்குதா? ஃபேனைக் கூட்டவா?" என்றார் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்.

"ஏன், பேய்க்குப் புழுங்குதாமா?" என்றார் பாறை. 

நாயகி முதல் படியில் கால் வைத்தாள். இனி மௌனம்தானே, தப்பித்தோம் என்று பாறை மூச்சு விட்டார். மௌனம் வரவில்லை. வயலின்கள் வந்தன, கூட்டமாக. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. அவர் கை தானாகக் காதுக்குப் பின்னால் போய்த் தடவியது, பொத்தானைத் தேடியது. சுவருக்குள்ளிருந்து யாரோ ஓங்கி அறைந்தார்கள். பாறை அலறிய அலறலில் நாயகியின் அலறல் அடிபட்டுப் போயிற்று. விளக்கைப் போட்டபோது அவர் பல் டாக்டரின் மடியில் இருந்தார்.

படத்தை நிறுத்தினார்கள்.

"இந்த மியூசிக்கை எவன் சேர்த்தான்?" என்றார் பாறை, மடியிலிருந்து இறங்கியபடி.

மன்றத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "அது எப்பவும் இருக்கிறதுதான் தலைவரே. அந்த இரைச்சலுக்கு உள்ள இருக்கிற மௌனத்தைத்தானே நீங்க சொன்னீங்க? நாங்க அப்படித்தான் எடுத்துக்கிட்டோம்."

"எனக்கு முதல்ல பிடிபடலை. கேட்டா மட்டம் தட்டுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார் வாத்தியார்.

"இன்னிக்கு நீங்க அலறினதுகூட ஒரு விமர்சனம் மாதிரிதான் இருந்துச்சு" என்றார் டாக்டர்.

பட்டம் பிழைத்துவிட்டது. பாறை நிமிர்ந்து உட்காரப் போனார். அப்போதுதான் மனைவியைப் பார்த்தார். காதைத் தடவிக்கொண்டிருந்த அவர் விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரிப்புன்னு சொன்னீங்க. மருந்துகூட வாங்கிக் கொடுத்தேன்."

"வீட்ல பேசிக்கலாமே."

"அண்ணன் செத்த அன்னிக்கு சாப்பாட்டு மேசையில உக்காந்து உங்ககிட்ட ரொம்ப நேரம் பேசினேன். காதைச் சொறிஞ்சிட்டுத் தலையாட்டினீங்க. இவராவது குறுக்கே பேசாம கேக்கிறாரேன்னு நினைச்சேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

பல் டாக்டர் இதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வாயெடுத்தார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதிப்பதுபோல அவர் காலை மிதித்தார்.

பாறை திரையைப் பார்த்தார். நாயகி வாயைத் திறந்தபடி பாதிப் படியில் நின்றிருந்தாள். அங்கிருந்து உதவி ஏதும் வருவதாக இல்லை.

மனைவி தன் போனை எடுத்து அவர் முழங்கால்மேல் வைத்தாள். "அணைக்கிற இடம் இதுல இருக்கு. நான் மறுபடியும் சொல்லப்போறேன். வேணும்னா அணைச்சுக்குங்க."

பாறை அதைத் தொடவில்லை.

"சொல்லு" என்றார்.